பட்டியலில் எந்த எண்? தொழிற்சங்கங்கள் வணிக ஒப்பந்தங்களை எதிர்ப்பதன் அடிப்படைகள், குமரி மாவட்டத்துக்கான ஓர் எளிய விளக்கம்

இரு நாடுகளுக்கு இடையிலான வணிக ஒப்பந்தத்தைப் பிரித்துப் பார்த்தால் அதில் பெரும்பகுதி பட்டியல்தான். சந்தைக்கு வரும் ஒவ்வொரு சரக்குக்கும் உலகம் முழுவதும் செல்லும் ஓர் எண் உண்டு. அதற்கு எச்.எஸ். குறியீடு என்று பெயர். இயற்கை ரப்பருக்கு 4001. கரி, ரசாயனம் கலந்த ரப்பர் கலவைக்கு 4005. தோட்டோடு வரும் முந்திரிக்கொட்டைக்கு 080131, உடைத்தெடுத்த பருப்புக்கு 080132. ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே இன்று இறக்குமதி வரி எவ்வளவு, எந்த ஆண்டில் எவ்வளவாகக் குறையும், எப்போது பூஜ்யமாகும் என்று எழுதியிருக்கும். தனியாக இன்னொரு பட்டியலும் உண்டு. அதில் இடம்பெற்ற சரக்குக்கு வரிக் குறைப்பே கிடையாது. அது விலக்குப் பட்டியல்.

தொழிற்சங்கங்கள் வணிக ஒப்பந்தங்களை எதிர்க்கின்றன என்று செய்தியில் படிக்கும்போது, சண்டை பெரும்பாலும் இந்தப் பட்டியல்களைப் பற்றியது என்று எடுத்துக்கொள்ளலாம். எந்த எண் உள்ளே போகிறது, எது வெளியே நிற்கிறது, வரி எவ்வளவு வேகத்தில் இறங்குகிறது என்பதே விவகாரம். வெளிநாட்டு வியாபாரமே கூடாது என்று சொல்லும் சங்கம் அபூர்வம். குமரி மாவட்டத்தில் அப்படிச் சொல்லவும் முடியாது. இங்குள்ள அண்டி ஆபீஸ்கள், அதாவது முந்திரி ஆலைகள், ஆப்பிரிக்கக் கொட்டையை நம்பி ஓடுகின்றன. கொளச்சலிலும் தேங்காப்பட்டணத்திலும் இறங்கும் மீனில் ஒரு பங்கு கடல் தாண்டிப் போகிறது.

ரப்பர்: எண் வெளியே இருந்தும் கதவு திறந்த கதை

குலசேகரம், அருமனை, களியல், கீரிப்பாறை பக்கம் ரப்பர் ஷீட்டுக்குக் கிடைக்கும் விலை கோட்டயம் சந்தையை ஒட்டி நடக்கிறது. கோட்டயம் விலை பாங்காக் விலையை ஒட்டி நடக்கிறது. இரண்டுக்கும் நடுவே நிற்பது இறக்குமதி வரி. காய்ந்த இயற்கை ரப்பருக்கு 2015 ஏப்ரல் முதல் உள்ள வரி, 25 சதவீதம் அல்லது கிலோவுக்கு 30 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது.

'எது குறைவோ அது' என்ற சொற்களில்தான் விஷயம் இருக்கிறது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். வெளிநாட்டு ரப்பர் துறைமுகத்தில் கிலோ 100 ரூபாய்க்கு வந்தால் 25 சதவீதம் 25 ரூபாய். அது 30ஐவிடக் குறைவு என்பதால் வரி 25 ரூபாய். 120 ரூபாய்க்கு வந்தால் இரண்டு கணக்கும் 30 ரூபாயில் சந்திக்கின்றன. 200 ரூபாய்க்கு வந்தால் 25 சதவீதம் 50 ரூபாய், ஆனால் வசூலாவது 30 மட்டும். அதாவது உண்மையான வரி 15 சதவீதம். 120 ரூபாயைத் தாண்டிய பிறகு விலை ஏற ஏற பாதுகாப்பு சதவீதக் கணக்கில் சுருங்குகிறது. மேடையில் '25 சதவீத வரி இருக்கிறது' என்று யாராவது சொன்னால் இந்தக் கணக்கைக் கேட்க வேண்டும்.

வரியை 25க்கு மேல் ஏற்றக்கூடாதா? காய்ந்த ரப்பருக்கு உலக வர்த்தக அமைப்பில் இந்தியா ஏற்றுக்கொண்ட உச்சவரம்பே 25 சதவீதம். அந்த அமைப்பின் வேளாண்மை ஒப்பந்தத்தில் எவையெல்லாம் வேளாண் பொருள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. இயற்கை ரப்பர் அதில் இல்லை. மரத்தில் வெட்டி எடுக்கும் பால், சட்டத்தின் கண்ணில் தொழிற்சாலைச் சரக்கு. ரப்பரை வேளாண் பொருளாக அறிவிக்க வேண்டும் என்று விவசாயிகள் அமைப்புகளும் தோட்டத் தொழிலாளர் சங்கங்களும் ஆண்டுக்கணக்கில் கேட்பதற்குக் காரணம் இதுதான்.

இனி, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு இந்தியா செய்த ஒப்பந்தம். 2009 ஆகஸ்ட் 13 அன்று பாங்காக்கில் கையெழுத்தாகி 2010 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. தாய்லாந்து, இந்தோனேசியா, மலேசியா, வியட்நாம் ஆகிய ரப்பர் நாடுகள் எல்லாம் அதில் இருக்கின்றன. எதிர்ப்பு பலமாக இருந்ததால் இயற்கை ரப்பர் 489 சரக்குகள் கொண்ட விலக்குப் பட்டியலில் சேர்ந்தது. அது வெற்றிதான். ஆனால் 4005 அந்த விலக்குப் பட்டியலுக்கு வெளியே நின்றது. ரப்பரோடு கொஞ்சம் கரியும் ரசாயனமும் கலந்து 'ரப்பர் கலவை' என்று அனுப்பினால் அது வேறு எண், வேறு வரி. ஆசியான் நாடுகளிலிருந்து வரும்போது சலுகையும் உண்டு. 2023-24 மத்திய பட்ஜெட்டில் கலவைக்கான பொது வரி 10 சதவீதத்திலிருந்து, இயற்கை ரப்பருக்கு உள்ளதைப் போலவே 25 சதவீதம் அல்லது 30 ரூபாய் என்று உயர்த்தப்பட்டது. ஆனால் பொது வரியை உயர்த்துவது ஒப்பந்தச் சலுகையைத் தொடாது. சலுகை பெறும் நாட்டிலிருந்து வரும் கலவைக்கு அந்த உயர்வு பொருந்தாது. கையெழுத்து போட்ட பிறகு ஓட்டையை அடைப்பது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நம் ஊரில் கிடைக்காது.

விலைச் சரிவு தொழிலாளியை எப்படித் தொடுகிறது என்பதையும் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். 2011இல் கிலோ 240 ரூபாயைத் தொட்ட ரப்பர் 2016 தொடக்கத்தில் 100க்கும் கீழே போனது. அப்போது முதலில் குறைவது கூலி அல்ல, வேலை நாள். சிறு தோட்டக்காரர் செலவைக் கணக்குப் பார்க்கிறார். மழைக்காலத்துக்கு முன் மரத்தில் பிளாஸ்டிக் ரெயின்கார்டு ஒட்டினால்தான் மழை நாட்களில் பால் வெட்ட முடியும். ஒட்டாவிட்டால் வெட்டுப் பட்டையில் தண்ணீர் இறங்கும், பட்டை அழுகும், சிரட்டையில் விழும் பாலும் கெடும். விலை இல்லாத ஆண்டில் அவர் ரெயின்கார்டை ஒட்டுவதில்லை. ஜூனில் தொடங்கும் தென்மேற்குப் பருவமழையும், ஐப்பசி மழையும் இந்த மாவட்டத்தில் பெய்யும். ஆகவே மாதக்கணக்கில் வெட்டு நின்றுபோகிறது. நாளொன்றுக்கு 300, 400 மரம் வெட்டிக் கூலி வாங்கியவருக்கு அந்த மாதங்களில் ஒன்றும் கிடையாது. பங்குக்கு வெட்டுபவருக்கு இரண்டு அடி: நாளும் குறைகிறது, கிடைக்கும் ஷீட்டின் விலையும் குறைகிறது. வேலை இழப்பு என்று எந்தக் கணக்கெடுப்பிலும் இது ஏறாது, ஏனென்றால் யாரையும் வேலையைவிட்டு நீக்கவில்லை.

அண்டி ஆபீஸின் கோரிக்கை நேர்மாறானது

மார்த்தாண்டம், கருங்கல் பக்கத்து முந்திரி ஆலைகளில் பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். வறுத்த கொட்டையை உடைப்பது, உள்தோல் உரிப்பது, தரம் பிரிப்பது என்று வேலை பிரியும். உடைப்பவர் கையில் தோட்டெண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும், அதனால் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்வார்கள். உள்நாட்டுக் கொட்டை இந்த ஆலைகளுக்கு ஆண்டு முழுவதும் போதாது. ஐவரி கோஸ்ட், கினி-பிசாவ், தான்சானியா போன்ற நாடுகளிலிருந்து தூத்துக்குடி, கொச்சி வழியாகக் கொட்டை வந்தால்தான் ஆலை திறக்கும்.

ஆகவே ரப்பர் தொழிலாளி 'இறக்குமதி வரியை ஏற்று' என்று கேட்கும்போது, முந்திரித் தொழிலாளி 'கொட்டைக்கு வரியை எடு' என்று கேட்கிறார். 2016-17 பட்ஜெட்டில் வரியே இல்லாதிருந்த கொட்டைக்கு 5 சதவீதம் விதிக்கப்பட்டது. எதிர்ப்புக்குப் பின் 2018-19 பட்ஜெட்டில் அது 2.5 சதவீதமானது. அதே முந்திரித் தொழிலாளி உடைத்த பருப்பு உள்ளே வருவதைத் தடுக்கவும் கேட்கிறார். வியட்நாம் இயந்திரத்தால் உடைத்து 2000களின் நடுவில் பருப்பு ஏற்றுமதியில் இந்தியாவை முந்தியது. அந்தப் பருப்பு மலிவாக இங்கே வந்தால் கையால் உடைக்கும் ஆலை தாக்குப்பிடிக்காது. 2019இல் பருப்புக்கான வரி 45இலிருந்து 70 சதவீதமாக உயர்ந்தது. முழுப் பருப்பு கிலோவுக்கு 720 ரூபாய்க்கும், உடைந்த பருப்பு 680 ரூபாய்க்கும் குறைந்த விலையில் இறக்குமதி ஆகக்கூடாது என்று குறைந்தபட்ச இறக்குமதி விலையும் உயர்த்தப்பட்டது. அதன் பிறகு வேறு சரக்கின் பெயரைப் போட்டுப் பருப்பைக் கொண்டுவருகிறார்கள் என்ற புகார் எழுந்தது. எண்ணை மாற்றிப் போடும் அதே ரப்பர் கலவைத் தந்திரம்தான்.

ஒரே மாவட்டம், ஒரே சங்கக் கொடி, இரண்டு எதிரெதிர் மனுக்கள். இதில் முரண்பாடு இல்லை. தொழிலாளி சங்கிலியின் எந்தக் கண்ணியில் நிற்கிறார் என்பதைப் பொறுத்து வரி அவருக்கு நண்பனாகவோ பகையாகவோ இருக்கிறது. டயர் ஆலைத் தொழிலாளிக்கு மலிவு ரப்பர் நல்லது, வெட்டுத் தொழிலாளிக்கு அது கெடுதல். இருவரும் ஒரே மத்தியத் தொழிற்சங்கத்தில் உறுப்பினர்களாக இருக்கலாம். வணிக ஒப்பந்தங்களில் சங்கக் கூட்டமைப்புகள் மெதுவாகப் பேசுவதற்கும், சில நேரம் பொதுவான முழக்கத்தோடு நின்றுவிடுவதற்கும் இந்த உள்சிக்கல் ஒரு முக்கியக் காரணம்.

முந்திரியில் இன்னொரு பாடமும் இருக்கிறது. கேரளத்தில் சங்கம் பலமாகி, குறைந்தபட்சக் கூலி உயர்ந்தபோது, கொல்லத்து முதலாளிகள் பலர் வேலையைக் குமரி மாவட்டத்துக்கு நகர்த்தினார்கள். களியக்காவிளையைத் தாண்டினால் கூலி குறைவு. அமெரிக்கத் தொழிலாளி மெக்சிகோவைப் பற்றிப் பேசும்போது சொல்வது இதைத்தான். முதலாளி உண்மையில் போகாவிட்டாலும், 'போய்விடுவேன்' என்ற வார்த்தையே கூலிப் பேச்சுவார்த்தையில் சங்கத்தின் குரலைத் தாழ்த்திவிடும். கொல்லத்துக்குக் குமரி எப்படியோ, அமெரிக்கக் கார் ஆலை நகரான டெட்ராய்ட்டுக்கு மெக்சிகோ அப்படி.

அமெரிக்கச் சங்கங்கள்: வாக்கெடுப்பில் செலுத்தும் பலம்

வணிக ஒப்பந்த எதிர்ப்பை அரசியல் பலமாக மாற்றியவர்கள் என்று உலகம் எடுத்துக்காட்டுவது அமெரிக்கச் சங்கங்களை. அவர்கள் எப்போதும் எதிர்ப்பாளர்களாக இருந்ததில்லை. 1962இல் கென்னடி கொண்டுவந்த வணிக விரிவாக்கச் சட்டத்தை ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. கூட்டமைப்பு ஆதரித்தது. இறக்குமதியால் வேலை இழப்பவர்களுக்கு உதவித்தொகையும் மறுபயிற்சியும் தரும் திட்டம் அதற்குப் பதிலாகக் கிடைத்தது. 1970களில் எஃகு, ஜவுளி, மின்னணு ஆலைகள் ஆட்டம் காணத் தொடங்கிய பிறகுதான் நிலை மாறியது.

அங்கே அவர்களுக்கு ஒரு வசதி உண்டு: ஒப்பந்தத்தை நடைமுறைப்படுத்த அமெரிக்கக் காங்கிரஸ் வாக்களிக்க வேண்டும். ஒவ்வொரு உறுப்பினரும் எப்படி வாக்களித்தார் என்பது பதிவாகும். அடுத்த தேர்தலில் அவருக்கு நிதி தருவதா, வீடு வீடாகப் போய் வாக்குக் கேட்க ஆள் அனுப்புவதா என்பதைச் சங்கம் அந்தப் பதிவை வைத்துத் தீர்மானிக்கும்.

அமெரிக்கா, கனடா, மெக்சிகோ இடையிலான நாஃப்டா 1993 நவம்பர் 17 அன்று கீழவையில் 234க்கு 200 என்று நிறைவேறியது. கொண்டுவந்த கிளின்டன் ஜனநாயகக் கட்சிக்காரர். ஆனால் அவர் கட்சி உறுப்பினர்களில் 156 பேர் எதிராகவும் 102 பேர் ஆதரவாகவும் வாக்களித்தார்கள். சொந்தத் தலைவரின் ஒப்பந்தத்துக்கு எதிராகப் பெரும்பான்மையைத் திருப்பிய பலம் சங்கங்களுடையது. ஒப்பந்தத்தை நிறுத்த அது போதவில்லை. 2005இல் மத்திய அமெரிக்க நாடுகளுடனான காஃப்டா 217க்கு 215 என்று இரண்டே வாக்கில் தப்பியது.

ஒப்பந்தம் மேசைக்கு வருவதற்கு முன்பே 'வேக வழி' அதிகாரத்தைத் தடுப்பதே கூடுதல் பலன் தரும் என்று சங்கங்கள் கற்றுக்கொண்டன. வேக வழி என்றால், குடியரசுத் தலைவர் பேசி முடித்து வரும் ஒப்பந்தத்தில் காங்கிரஸ் ஒரு வரியைக்கூடத் திருத்த முடியாது. ஆம் அல்லது இல்லை என்று மட்டும் சொல்லலாம். அந்த அதிகாரம் இல்லாவிட்டால் வெளிநாடுகள் கடைசிச் சலுகையைத் தராது, ஏனென்றால் காங்கிரஸ் மறுபடி திருத்தலாம். 1998இல் இந்த அதிகாரத்துக்கான மசோதா 180க்கு 243 என்று தோற்றது.

2015இல் நடந்தது இன்னும் கவனிக்கத்தக்கது. ஒபாமா அரசு பசிபிக் நாடுகளுடனான டி.பி.பி. ஒப்பந்தத்துக்கு வேக வழி கேட்டது. அதையும் வேலை இழந்தோர் உதவித் திட்டத்தையும் ஒன்றாகக் கட்டி, இரண்டும் நிறைவேறினால்தான் எதுவும் நிறைவேறும் என்று வைத்தார்கள். உதவித் திட்டம் சங்கங்கள் போராடிப் பெற்றது, அதை எதிர்க்க மாட்டார்கள் என்பது கணக்கு. சங்கங்கள் தங்கள் சொந்தத் திட்டத்தையே தோற்கடிக்கச் சொன்னார்கள். ஜூன் 12 அன்று அது 126க்கு 302 என்று விழுந்தது, கட்டு முழுவதும் தடைபட்டது. ஆனால் அரசுத் தரப்பு கட்டைப் பிரித்து, ஆறு நாளில் வேக வழியை மட்டும் 218க்கு 208 என்று நிறைவேற்றிவிட்டது. எதிர்ப்பாளர் ஒரு நடைமுறை ஓட்டையைப் பயன்படுத்தினால் மறுதரப்பும் பயன்படுத்தும். வென்ற நாளில் கலைந்து போனால் அடுத்த வாரம் தோற்கலாம்.

டி.பி.பி. 2016 பிப்ரவரியில் கையெழுத்தானது. அதற்குள் அந்த ஆண்டுத் தேர்தலில் இரு பெரிய கட்சி வேட்பாளர்களுமே அதை எதிர்க்கும் நிலைக்கு வந்துவிட்டார்கள். 2017 ஜனவரி 23 அன்று டிரம்ப் அதிலிருந்து விலகினார். சங்கத் தலைமைகள் பெரும்பாலும் ஹிலாரி கிளின்டனை ஆதரித்தன. மிச்சிகன், விஸ்கான்சின், பென்சில்வேனியா ஆலை ஊர்களில் உறுப்பினர் பலர் டிரம்புக்கு வாக்களித்தார்கள். தனியார் துறையில் சங்க உறுப்பினர் விகிதம் அப்போது ஏழு சதவீதத்துக்கும் கீழ். அமைப்பு மெலிந்துவிட்டது, அது 20 ஆண்டாகச் சொன்ன வாதம் மட்டும் பலம் பெற்று வேறு கைக்குப் போனது. சங்கத்தில் இருப்பவர்கள் இதைக் கசப்போடு படித்தே ஆக வேண்டும்.

இந்தியாவில் வாக்கெடுப்பே இல்லை

நம் அரசியல் சட்டத்தில் வெளிநாட்டு ஒப்பந்தங்கள் ஒன்றியப் பட்டியலின் 14ஆவது பதிவு. கையெழுத்திடும் அதிகாரம் மத்திய அரசின் நிர்வாகத்துக்கு இருக்கிறது. ஒப்பந்தத்துக்கு நாடாளுமன்ற ஒப்புதல் தேவையில்லை. வணிக அமைச்சகம் பேசுகிறது, அமைச்சரவை ஏற்கிறது, பிறகு நிதி அமைச்சகம் 1962ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம் 25ஆம் பிரிவின் கீழ் அறிவிக்கை வெளியிட்டு வரியைக் குறைக்கிறது. மாநில அரசிடம் கேட்க வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருந்தும் ரப்பர் விலையைத் தீர்மானிக்கும் ஒப்பந்தத்தில் மாநிலத்துக்கு வாக்கு கிடையாது.

ஆகவே நம் நாடாளுமன்ற உறுப்பினரை 'எதிர்த்து வாக்களியுங்கள்' என்று கேட்பதில் பயனில்லை. வாக்களிக்க அங்கே ஒன்றுமில்லை. அவர் கேள்வி கேட்கலாம், நிலைக்குழுவில் பேசலாம், அமைச்சரைச் சந்திக்கலாம். சங்கங்களின் செல்வாக்கு வேறு வழிகளில்தான் செல்கிறது.

ஒன்று, கட்சி வழி. சி.ஐ.டி.யு., ஏ.ஐ.டி.யு.சி., ஐ.என்.டி.யு.சி., தொ.மு.ச., பி.எம்.எஸ். என்று ஒவ்வொன்றும் ஒரு கட்சியையோ இயக்கத்தையோ சார்ந்தது. தன் கட்சி ஆட்சியில் இருந்தால் கதவு திறக்கும், ஆனால் குரல் தாழும். இல்லாவிட்டால் குரல் உயரும், கதவு மூடும். இரண்டாவது, மாநில அரசை முன்னிறுத்தும் வழி. 2009 அக்டோபர் 2 அன்று ஆசியான் ஒப்பந்தத்துக்கு எதிராகக் கேரளத்தின் இடது ஜனநாயக முன்னணி காசர்கோட்டிலிருந்து திருவனந்தபுரம் வரை மனிதச் சங்கிலி நடத்தியது. அப்போது ஒப்பந்தம் கையெழுத்தாகி ஏழு வாரம் ஆகியிருந்தது. உணர்வைக் காட்டியது, ஒப்பந்தத்தை அசைக்கவில்லை.

மூன்றாவது வழிக்குப் பலன் அதிகம்: விவசாயிகளோடும் சிறு உற்பத்தியாளர்களோடும் கையெழுத்துக்கு முன்பே சேர்வது. ஆர்.சி.இ.பி. ஒப்பந்தம் அதற்கு எடுத்துக்காட்டு. ஆசியான் நாடுகளோடு சீனா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து முதலியவையும் சேர்ந்த அந்தப் பேச்சில் பால் பொருள் பெரிய விவகாரமானது. பால் கூட்டுறவுகள், இடதுசாரி விவசாயச் சங்கங்கள், மத்தியத் தொழிற்சங்கங்கள், எஃகு ஆலை முதலாளிகள், ஆளும் தரப்புக்கு நெருக்கமான சுதேசி ஜாக்ரண் மஞ்ச் எல்லாம் ஒரே பக்கம் நின்றன. 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகியது. தொழிலாளர் சங்கங்கள் மட்டும் எதிர்த்திருந்தால் இது நடந்திருக்காது என்பது என் கணிப்பு. பால் கறக்கும் வீடு ஒவ்வொரு தொகுதியிலும் இருக்கிறது. ரப்பர் வெட்டும் வீடு மிகச் சில தொகுதிகளில்தான் இருக்கிறது.

இழப்பு ஓரிடத்தில் குவிவதும் லாபம் நாடெங்கும் சிதறுவதும் இந்த அரசியலின் அடிப்படை. டயர் விலை சிறிது குறைந்தால் கோடிக்கணக்கானவர்களுக்குக் கொஞ்சம் மிச்சம், யாரும் அதற்காக நன்றி சொல்லி ஊர்வலம் போக மாட்டார்கள். வெட்டு நின்றால் சில ஆயிரம் குடும்பங்களுக்கு அடுப்பு எரியாது, அவர்கள் தெருவுக்கு வருவார்கள். சங்கம் சத்தமாகக் கேட்பது அதனால்தான். எண்ணிக்கையில் தோற்பதும் அதனால்தான்.

கடலோரம்: கரையோரத்துச் சங்கத்தின் நீண்ட கணக்கு

குமரியின் மீனவர்களுக்கு இந்தப் போராட்டம் புதிதல்ல. தேசிய மீன் தொழிலாளர் பேரவை நடத்திய 'நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம்' பயணம் இரு கரைகளிலிருந்தும் வந்து 1989 மே 1 அன்று கன்னியாகுமரியில் முடிந்தது. அங்கே போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது. 1991இல் மத்திய அரசு வெளிநாட்டுக் கூட்டுக் கப்பல்களை ஆழ்கடலில் அனுமதிக்கும் கொள்கையைக் கொண்டுவந்தபோது, தாமஸ் கோச்சேரி தலைமையில் பேரவை எழுப்பிய எதிர்ப்புக்கு அந்தப் பயணத்தில் உருவான தொடர்புகள் கைகொடுத்தன. 1994இல் நாடு தழுவிய மீன்பிடி வேலைநிறுத்தங்கள் நடந்தன. அரசு அமைத்த முராரி குழு, அந்தக் கப்பல்களின் உரிமங்களை ரத்து செய்யப் பரிந்துரைத்தது.

இப்போது விவகாரம் உலக வர்த்தக அமைப்பின் மீன்வள மானிய ஒப்பந்தம். 2022 ஜூன் 17 அன்று ஜெனீவாவில் ஏற்கப்பட்டு 2025 செப்டம்பர் 15 முதல் அதை ஏற்ற நாடுகளுக்கு நடைமுறைக்கு வந்தது. சட்டவிரோத மீன்பிடிப்புக்கும், அளவுக்கு மீறிப் பிடிக்கப்பட்ட மீனினங்களுக்கும், யார் கட்டுப்பாட்டிலும் இல்லாத திறந்த கடலில் பிடிப்பதற்கும் மானியம் கூடாது என்கிறது. வளரும் நாடுகளுக்கு 200 கடல்மைலுக்குள் இரண்டு ஆண்டு விலக்கு. இந்தியா 25 ஆண்டு கேட்டது.

தூத்தூர், வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை படகுகள் சுறா, சூரை தேடி 200 கடல்மைலைத் தாண்டியும் போகின்றன. தொழில்நுட்பம் பெரியது, உரிமை சிறியது. ஒரு குடும்பமோ சில பங்காளிகளோ சேர்ந்து வாங்கிய படகுகள் இவை. ஐரோப்பியக் கம்பெனிக் கப்பலையும் இதையும் 'ஆழ்கடல் மீன்பிடிப்பு' என்ற ஒரே தலைப்பில் வைத்தால் வரி நீக்கிய டீசலும் படகுக் கட்டுமான உதவியும் கேள்விக்குள்ளாகும். கடலில் மீன் வற்றுகிறது என்பதும் பொய்யல்ல. இருதரப்பும் உண்மை. அதனால் மீனவர் சங்கங்கள் மானியம் முழுவதையும் காக்கும்படி கேட்பதைவிட, படகின் நீளத்தையும் உரிமையாளரையும் வைத்து விலக்கு கேட்பது வலுவான வாதம்.

தொழிலாளர் உரிமையை ஒப்பந்தத்திலேயே எழுதினால்?

பணக்கார நாட்டுச் சங்கங்கள் இன்னொரு வழியைக் கேட்டன: சங்கம் அமைக்கும் உரிமை, குழந்தைத் தொழிலாளர் தடை முதலியவற்றை மீறும் நாட்டுக்கு வணிகச் சலுகை கூடாது என்ற 'சமூகப் பிரிவு'. 1990களில் இந்திய அரசும், பெரும்பாலான இந்தியத் தொழிற்சங்கங்களும் சேர்ந்து இதை எதிர்த்தன. நம் மலிவுக் கூலியைக் காரணம் காட்டி நம் சரக்கைத் தடுக்கும் சூழ்ச்சி என்று கருதினார்கள். 1996இல் உலக வர்த்தக அமைப்பின் சிங்கப்பூர் மாநாடு இந்த விஷயத்தைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பான ஐ.எல்.ஓ.விடம் விட்டது. சங்கம் அமைக்கும் உரிமைக்கான ஐ.எல்.ஓ.வின் 87, 98ஆம் உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை.

அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. ஆனால் அதன் பிறகு ஓர் ஒப்பந்தத்தில் பிரிவுக்குப் பல் முளைத்தது. நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலை 1 முதல் வந்த அமெரிக்க-மெக்சிகோ-கனடா ஒப்பந்தத்தில், புகாரை ஒரு நாட்டின் மீது அல்லாமல் ஒரு தனி ஆலையின் மீது எழுப்பலாம். மெக்சிகோவின் சிலாவ் நகரில் உள்ள ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021இல் இது முதலில் பயன்பட்டது. நிர்வாகத்துக்கு இசைந்த பழைய சங்கத்தைத் தொழிலாளர்கள் நிராகரித்து, 2022 பிப்ரவரியில் சுதந்திரமான புதுச் சங்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்தப் பிரிவை வலுவாக்கிய பிறகுதான் ஏ.எஃப்.எல்.-சி.ஐ.ஓ. அந்த ஒப்பந்தத்துக்கு ஆதரவு தந்தது. எதிர்ப்பை விலையாக வைத்து வாங்கிய சரத்து அது.

இந்தியாவின் புதிய ஒப்பந்தங்களிலும் தொழிலாளர் பகுதி வரத் தொடங்கியிருக்கிறது. 2024 மார்ச் 10 அன்று சுவிட்சர்லாந்து, நார்வே உள்ளிட்ட இ.எஃப்.டி.ஏ. நாடுகளுடன் கையெழுத்தான ஒப்பந்தத்திலும், 2025 ஜூலை 24 அன்று பிரிட்டனுடன் கையெழுத்தானதிலும் அது உண்டு. படிக்கும்போது ஒன்றை மட்டும் பாருங்கள்: ஒப்பந்தத்தின் தகராறு தீர்ப்பு முறை அந்தப் பகுதிக்குப் பொருந்துமா? இ.எஃப்.டி.ஏ. ஒப்பந்தத்தில் பொருந்தாது. கலந்து பேசலாம், அதற்கு மேல் இல்லை. சிலாவ் ஆலையில் நடந்தது அதைக் கொண்டு நடக்காது.

சங்க அலுவலகத்தில் செய்ய வேண்டியவை

புதிய ஒப்பந்தப் பேச்சு தொடங்குகிறது என்ற செய்தி வந்த வாரமே வேலை தொடங்க வேண்டும். முதலில் உங்கள் தொழிலின் மூலப்பொருள், முடிந்த பொருள், இடைப்பொருள் மூன்றுக்கும் எச்.எஸ். எண்களை எழுதிக்கொள்ளுங்கள். இடைப்பொருளை விட்டுவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் பிழை, 4005 அப்படித்தான் நழுவியது. அடுத்து அந்த எண்களுக்கு இன்றைய வரி, உலக வர்த்தக அமைப்பின் உச்சவரம்பு, ஏற்கெனவே உள்ள ஒப்பந்தச் சலுகை மூன்றையும் பக்கத்தில் எழுதுங்கள். வணிக அமைச்சகத்தின் இணையத்தளத்தில் எண்ணைக் கொடுத்தால் எந்த நாட்டிலிருந்து எவ்வளவு இறக்குமதி என்று பார்க்கலாம். 4001 இறங்கி 4005 ஏறும் காலம் தெரிந்தால், அதுவே மனுவுக்கு ஆதாரம்.

பிறகு பூர்வீக விதி. ஒரு நாட்டில் விளைந்ததோ, போதிய அளவு மாற்றம் பெற்றதோ மட்டுமே அந்த நாட்டுச் சலுகையைப் பெறும் என்பது விதி. ஆசியான் ஒப்பந்தத்தில் பொதுவாக 35 சதவீத மதிப்பு அங்கே சேர்ந்திருக்க வேண்டும், எச்.எஸ். எண்ணும் ஆறு இலக்க அளவில் மாறியிருக்க வேண்டும். மூன்றாம் நாட்டுச் சரக்கு சலுகை நாடு வழியாகச் சுற்றி வருவதைத் தடுக்கும் வேலி அது. இலங்கை வழியாக வியட்நாம் மிளகு வருகிறது என்ற புகார் நம் மலைப் பகுதி மிளகு விவசாயிகளுக்குத் தெரிந்ததே. 2017 டிசம்பரில் மிளகுக்குக் கிலோ 500 ரூபாய் குறைந்தபட்ச இறக்குமதி விலை வைக்கப்பட்டதன் பின்னணி அதுதான். வரி விகிதத்துக்கு மட்டும் போராடி வேலியை மறந்தால் விகிதம் வெறும் காகிதம்.

வரி தவிர்த்த கருவிகளையும் கேட்கலாம். 2016 ஜனவரியில் இயற்கை ரப்பர் இறக்குமதி சென்னை, மும்பை நவசேவா துறைமுகங்களுக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தப்பட்டது. இதற்கு வெளிநாட்டோடு பேச வேண்டியதில்லை.

கடைசியாக, கூலி. இறக்குமதி வரி காப்பது விலையை; கூலியை அது தானாகக் காப்பதில்லை. 2024இல் ரப்பர் விலை மீண்டும் 240 ரூபாயைத் தாண்டியபோது வெட்டுக் கூலி அதே வேகத்தில் ஏறவில்லை. அரசு ரப்பர் கழகத் தோட்டங்களிலேயே கூலி உயர்வுக்குத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்ய வேண்டியிருந்தது. தனியார் சிறு தோட்டங்களில் எழுத்து ஒப்பந்தமே அரிது. ஆகவே வரி மனுவில் முதலாளியோடு சேர்ந்து கையெழுத்துப் போடும் சங்கம், அதே நாளில் அவரிடம் இன்னொரு தாளிலும் கையெழுத்து வாங்க வேண்டும். கோட்டயம் விலை இன்ன அளவைத் தாண்டினால் மரத்துக்கு இத்தனை பைசா கூடுதல், ஆண்டுதோறும் மே மாத இறுதிக்குள் ரெயின்கார்டு ஒட்டப்படும், ஒட்டாத தோட்டத்தில் மழை நாட்களுக்குப் பாதிக் கூலி. மனுவில் அவருக்குச் சங்கத்தின் கையெழுத்து தேவைப்படும் நாள்தான் இதைக் கேட்கும் நாள்.